ஒட்டிப் பிரிந்தால் மின்னூட்டம்: நிலைமின்சாரத்தின் அடிப்படைகள்

உலர்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பால் நாலைந்து முறை வாரிவிட்டு, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால் அவை எகிறி வந்து ஒட்டும். பள்ளியில் எல்லோரும் பார்த்ததுதான். பெரும்பாலானோர் அத்தோடு சீப்பைக் கீழே வைத்துவிடுவார்கள். இன்னும் பத்து விநாடி அசையாமல் பிடித்திருந்தால் வேறொன்று தெரியும்: ஒட்டிய துணுக்குகளில் சில, யாரோ விரலால் சுண்டிவிட்டதுபோல் தெறித்து விழும். காகிதத்துக்குப் பதில் அலுமினியத் தாளைக் கிள்ளிப் போட்டால் ஒட்டுவதற்கே நேரம் இருக்காது. தொட்ட மறுகணம் பறந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கத்தரித்த துணுக்குகளோ ஒட்டியது ஒட்டியபடியே கிடக்கும். ஈர்ப்பு, தெறிப்பு, ஒட்டிக்கிடப்பு ஆகிய மூன்றுக்கும் காரணம் சொல்ல முடிந்தால் நிலைமின்சாரத்தில் பாதி புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மின்னூட்டத்தை வெளியிலிருந்து பொருளின் மேல் யாரும் பூசுவதில்லை. ஒவ்வொரு அணுவின் கருவிலும் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், கருவைச் சுற்றி எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டின் அளவும் சமம்: 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் (மின்னூட்டத்தின் அலகு). 2019-இல் சர்வதேச அலகு முறை திருத்தப்பட்டபோது இந்த எண்ணைத்தான் மாறாததாக நிறுத்தி, அதிலிருந்து ஆம்பியரை வரையறுத்தார்கள். சாதாரண நிலையில் நேரும் எதிரும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் பொருள் நடுநிலையாக இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான் போனால் நேர் மின்னூட்டம், கொஞ்சம் வந்தால் எதிர் மின்னூட்டம். சீப்பு எவ்வளவு பெற்றதோ தலைமுடி அவ்வளவு இழந்திருக்கிறது. மொத்தக் கணக்கில் எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பார்த்தால்தான் வியப்பு. ஒரு சீப்பில் 10 நானோகூலூம் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், இடம் மாறியவை சுமார் 6,240 கோடி எலக்ட்ரான்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டுமே ஏறத்தாழ 10¹⁵ அணுக்கள் உண்டு. காற்று தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு ஒரு பரப்பில் மின்னூட்டம் ஏற்றினாலும், பல பத்தாயிரம் அணுக்களுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம்தான் இடம் மாறியிருக்கும். அதற்கே முடி சிலிர்க்கிறது, பொறி பறக்கிறது.

காரணம் அந்த விசையின் வலிமை. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கல் பலனுக்கு நேர்விகிதத்திலும் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதை 1785-இல் சார்ல் கூலூம் முறுக்குத் தராசை வைத்து அளந்து காட்டினார். தலா 10 நானோகூலூம் கொண்ட இரு சிறு குண்டுகள் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் விசை சுமார் 0.009 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு கிராம் எடை. இதையே தலா ஒரு கூலூம், ஒரு மீட்டர் என்று போட்டுப் பாருங்கள்: 900 கோடி நியூட்டன், அதாவது ஒன்பது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட எடை. ஒரு கூலூமை ஒரு சிறு குண்டில் யாரும் நிறுத்திவைக்க முடியாததற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இனி அந்தத் துணுக்குகள். முடியிலிருந்து எலக்ட்ரான் பெற்ற சீப்பு எதிர் மின்னூட்டத்தில் இருக்கிறது. அலுமினியத் துணுக்கில் எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும். சீப்பு அருகே வந்ததும் அவை தள்ளப்பட்டுத் துணுக்கின் மறுபக்கத்துக்கு ஒதுங்குகின்றன. சீப்பின் பக்கத்தில் நேர், அப்பால் எதிர். கிட்டத்தில் இருப்பதன் மீதான ஈர்ப்பு, தள்ளி இருப்பதன் மீதான விலக்கலைவிட வலுவானது; ஆகவே மொத்தத்தில் ஈர்ப்பு. தொட்டவுடன் சீப்பின் எலக்ட்ரான்கள் சில துணுக்குக்குள் இறங்கிப் பரவுகின்றன. இப்போது இரண்டும் ஒரே வகை, உடனே தெறிப்பு. காகிதமும் இதையே மெதுவாகச் செய்கிறது, ஏனென்றால் அதிலிருக்கும் ஈரம் அதை மிக மோசமான ஒரு கடத்தியாக வைத்திருக்கிறது. பிளாஸ்டிக்கில் எலக்ட்ரான்கள் தம் மூலக்கூறுக்குள்ளேயே சற்றுச் சாயலாம், வெளியேறி ஓட முடியாது. சாய்ந்ததால் ஈர்ப்பு உண்டு. வாங்கிப் பரப்ப வழியில்லாததால் தெறிப்பு இல்லை.

தொட்டாலே போதும்

உராய்வினால் மின்சாரம் உண்டாகிறது என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரு வேறு பொருள்கள் தொட்டுக்கொண்டாலே மின்னூட்டம் இடம் மாறத் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்புகூட நுண்ணிய அளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உண்மையில் தொடுவது சில மேடுகள் மட்டுமே. தேய்க்கும்போது புதிய புதிய புள்ளிகள் தொட்டுப் பிரிகின்றன. தேய்ப்பதன் பெரும்பங்கு வேலை இதுதான். தேய்க்கவே தேவையில்லை என்பதற்குச் சான்று ஒட்டுநாடா (டேப்); உரித்தாலே அது கையைத் துரத்திக்கொண்டு வந்து ஒட்டுகிறது.

எந்தப் பொருள் எந்த வகை மின்னூட்டம் பெறும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கண்ணாடி, நைலான், தலைமுடி, கம்பளி ஆகியவை நேர்ப் பக்கம் சாய்பவை. பருத்தியும் காகிதமும் நடுவில். பாலியெஸ்டர், பாலிதீன், பி.வி.சி., டெஃப்லான் என்று போகப்போக எதிர்ப் பக்கம். வரிசையில் தொலைவில் உள்ள இரண்டைச் சேர்த்தால் விளைவு அதிகம். ஆனால் இதை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. அழுக்கு, ஈரம், பரப்பின் சொரசொரப்பு எல்லாம் இடத்தை மாற்றிவிடும். ஒரே பொருளின் இரு துண்டுகளைத் தேய்த்தால்கூட மின்னூட்டம் ஏறுவதுண்டு. உலோகங்களுக்கு இடையே மாறுவது எலக்ட்ரான்தான். மின்கடத்தாப் பொருள்களில் எலக்ட்ரானா, அயனியா (மின்னூட்டம் கொண்ட அணு அல்லது மூலக்கூறு), பிய்ந்து போகும் நுண்துகளா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் முடியவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட அளவீடுகளில், நேர் மின்னூட்டம் பெற்றதாகத் தெரியும் பரப்பு முழுக்க நேர் மின்னூட்டமாக இல்லை. நானோமீட்டர் அளவில் நேரும் எதிரும் கலந்த திட்டுகளாக இருந்தது.

தொடுவதால் மாறும் மின்னூட்டம் சரி, ஆயிரக்கணக்கான வோல்ட் எங்கிருந்து வருகிறது? பிரிப்பதிலிருந்து. ஒரு சதுர மீட்டருக்கு 1 மைக்ரோகூலூம் வீதம் மின்னூட்டம் கொண்ட இரண்டு தட்டையான பரப்புகளை எடுத்துக்கொள்வோம், ஒன்று நேர், மற்றது எதிர். இடைவெளி 0.1 மில்லிமீட்டர் இருக்கும்போது அவற்றின் மின்னழுத்த வேறுபாடு வெறும் 11 வோல்ட். 1 மில்லிமீட்டரில் 113. 1 சென்டிமீட்டரில் 1,130. மின்னூட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பவற்றைப் பிய்த்து விலக்கக் கை செய்த வேலைதான் வோல்ட்டாக ஏறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், எழுந்து கதவுப்பிடியைத் தொடும்போது சுரீர் என்பது இதனால்தான்.

டேப் சொல்லும் பாடம்

இருவகை மின்னூட்டம் உண்டு என்பதையும், மொத்தம் மாறாது என்பதையும் கைப்படப் பார்க்க ஒளி ஊடுருவும் சாதாரண டேப் ஒரு சுருள் போதும். மேசையின் மேல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு டேப்பை அடித்தளமாக ஒட்டிவிடுங்கள். மேசைக்கு மேசை பூச்சு வேறுபடும் என்பதால் இது அவசியம். அதன்மேல் 15 சென்டிமீட்டர் டேப் ஒன்றை ஒட்டி, ஒரு முனையை 1 சென்டிமீட்டர் மடித்துப் பிடி வைத்து, 'கீழ்' என்று எழுதுங்கள். அதன்மேல் அதே நீளத்தில் இன்னொன்று. அதற்கு 'மேல்' என்று பெயர். விரலால் அழுத்தித் தடவுங்கள்.

இப்போது கீழையும் மேலையும் பிரிக்காமல் சேர்த்தே அடித்தளத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். உரித்ததும் அந்த ஜோடி கைப்பக்கம் வளைந்து வரும், மின்னூட்டம் ஏறிவிட்டது. பசையில்லாத பக்கத்தை விரலால் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று முறை நீவிவிட்டு, மறுகையை அருகே கொண்டுபோய்ச் சோதியுங்கள். இழுப்பு இல்லையென்றால் ஜோடி நடுநிலைக்கு வந்துவிட்டது. இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் சோதனை பிழைத்துவிட்டது என்று சொல்பவர்கள்தான் அதிகம். பிறகு இரண்டையும் சட்டென்று, ஒரே இழுப்பில் பிரியுங்கள். மெதுவாகப் பிரித்தால் மாறிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி திரும்பி ஓடிவிடும்.

பிரித்த இரண்டையும் மேசை விளிம்பில் தொங்கவிட்டால் ஒன்றை ஒன்று இழுக்கும். இதேபோல் இன்னொரு ஜோடி செய்துகொண்டால் இரண்டு 'மேல்' டேப்புகளும் ஒன்றையொன்று விலக்கும், இரண்டு 'கீழ்' டேப்புகளும் விலக்கும், ஒரு 'மேல்' டேப்பும் ஒரு 'கீழ்' டேப்பும் ஈர்க்கும். மீண்டும் சேர்த்து ஒட்டினால் இழுப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ஒன்று பெற்றதும் மற்றது இழந்ததும் சமம் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு டேப்பும் கையை நோக்கி வரும். கை நடுநிலையானது. ஆகவே ஈர்ப்பைக் கண்டதும் 'இது எதிர்வகை' என்று முடிவு கட்டக் கூடாது. நடுநிலைப் பொருளும் ஈர்க்கும். விலக்கல் ஒன்றே இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதற்கு உறுதியான அடையாளம். முடியில் வாரிய பிளாஸ்டிக் சீப்பு பொதுவாக எதிர் மின்னூட்டம் பெறும். அது எந்த டேப்பை விலக்குகிறதோ அது எதிர்.

இந்த இருவகையை 1733-இல் முதலில் பிரித்துச் சொன்னவர் பிரான்சின் சார்ல் து ஃபே. கண்ணாடி வகை, பிசின் வகை என்று பெயரிட்டார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை ஒரே சரக்கின் மிகுதி, குறைவு என்று மாற்றி, தேய்த்த கண்ணாடியில் மிகுதி என ஊகித்து நேர், எதிர்ப் பெயர்களைக் கொடுத்தார். உண்மையில் கண்ணாடிதான் இழந்த பக்கம். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. கம்பியில் மின்னோட்டத்தின் திசையை எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிராக இன்றும் குறிப்பது அந்த ஊகத்தின் மிச்சம்.

ஈரம் செய்யும் வேலை

மழைநாளில் சோதனை பலிக்காது. 'ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது' என்று வழக்கமாகச் சொல்லும் விளக்கம் தவறு. நீராவி கலந்த காற்றும் நல்ல மின்காப்புதான். நடப்பது பொருளின் பரப்பில். காற்றில் ஈரப்பதம் ஏறும்போது கண்ணாடி, பிளாஸ்டிக், துணி எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. விரல் வியர்வையின் உப்பும் தூசும் அதில் கரைந்து அயனிகளாகின்றன. மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியே வழிந்துவிடுகிறது. சார்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலான சோதனைகள் தடுமாறும். 40-க்குக் கீழே போனால் அதிர்ச்சிகள் தொடங்கும்.

ஆகவே சோதனை பலிக்காதபோது காற்றைச் சபிக்க வேண்டாம், பொருளைக் காயவையுங்கள். தேய்க்கும் துணியையும் குழாயையும் ஹேர் டிரையரின் சூடான காற்றில் இரண்டொரு நிமிடம் காட்டினால் போதும். கண்ணாடியைவிட பி.வி.சி. குழாய் நல்லது, கண்ணாடி நீரை எளிதில் பிடித்துக்கொள்ளும். சோப்பு போட்டுக் கழுவினால் பலமுறை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். சோப்பின் எச்சமே ஈரத்தை இழுத்துப் பரப்பைக் கடத்தியாக்கிவிடும். துணி மென்மையாக்கி துணியின் ஒட்டலைப் போக்குவதும் இதே வழியில்தான்.

விரல் நுனிப் பொறி

மனித உடல் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு மின்தேக்கி. அதன் தேக்குத்திறன் 100 முதல் 200 பைக்கோஃபாரட். செயற்கை இழைக் கம்பளத்தில் ரப்பர் அடிச் செருப்போடு நடந்தால், வறண்ட காற்றில் உடல் 10,000 வோல்ட்டைத் தொடுவது எளிது. 100 பைக்கோஃபாரட் என்று கொண்டால் சேர்ந்த மின்னூட்டம் 1 மைக்ரோகூலூம், ஆற்றல் 5 மில்லிஜூல். காற்றின் தாங்குதிறன் மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட். எனவே விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே பொறி எவ்வளவு நீளம் என்று பார்த்தாலே வோல்ட்டைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்: 3 மில்லிமீட்டர் பொறி என்றால் ஏறத்தாழ 10,000.

அந்தக் கணத்தில் விரல் வழியே பல ஆம்பியர் பாய்கிறது. ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஏனென்றால் அது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடும். பின்னால் ஊட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை. வலிப்பது, எல்லாம் ஒரே புள்ளியில் தோலைத் துளைப்பதால். சாவியை உள்ளங்கையில் இறுகப் பிடித்து அதன் நுனியால் உலோகத்தைத் தொட்டால் பொறி சாவிக்கும் உலோகத்துக்கும் இடையில் விழும்; கையில் அது பரந்து இறங்குவதால் சுருக்கென்று இருக்காது. காரிலிருந்து இறங்கும்போது கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்குவது இன்னும் நல்லது. இருக்கையை விட்டு உடல் பிரியும்போதே மின்னூட்டம் வழிந்துவிடும், சேரவே சேராது.

சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழான மின்னிறக்கம் பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை. மின்னணுச் சில்லுகளில் சில 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகும். மின்னணு வேலை செய்பவர்களின் பெரிய தொல்லை இந்த இடைவெளிதான்: எதையும் உணராமலே பாகத்தைக் கொன்றுவிடலாம், அதைவிட மோசம், பாதி காயப்பட்டு, சோதனையில் தேறி, சில மாதம் கழித்துச் சாவது. இதற்காக அணியும் மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில் 1 மெகாஓம் மின்தடை உண்டு. உடலின் மின்னூட்டம் அதன் வழியே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வடிந்துவிடும், ஆகவே அது தடையாகவே தெரியாது. தவறி 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் பட்டை வழியாக 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாது. இந்த மின்தடையைத் தவிர்த்து வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொள்வது உயிரோடு விளையாடுவது.

அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. மின்னணுப் பாகங்களைப் போட்டுவைக்கும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் உறை தானாக மின்னூட்டம் சேர்க்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்க உலோகப் படலம் உள்ள வெள்ளிநிற உறை வேண்டும், அதுவும் பாகம் உள்ளே இருந்தால்தான். உறையை விரித்து அதன்மேல் மின்சுற்றுப் பலகையை வைப்பதால் பாதுகாப்பு ஏதும் இல்லை. மற்றொன்று, பிளாஸ்டிக் டப்பாவுக்கு எர்த் கம்பி இணைப்பது. மின்கடத்தாப் பொருளில் மின்னூட்டம் இருந்த இடத்தைவிட்டு நகராது. கம்பி தொட்ட புள்ளி மட்டும் காலியாகும். அப்படிப்பட்ட பொருளைப் பாகத்திலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அல்லது இருவகை அயனிகளையும் ஊதும் அயனியாக்கியை அதன்மேல் திருப்ப வேண்டும்.

பொறி விழக்கூடாத இடங்கள்

பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் பற்றவைக்க 0.2 முதல் 0.3 மில்லிஜூல் போதும். ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். உடலில் சேரும் 5 மில்லிஜூல் அருகில் வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். எரிபொருள் நிரப்பும்போது நடுவில் வண்டிக்குள் போய் உட்கார்ந்து திரும்பி வந்து குழாய்முனையைத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

எரிபொருளும் குழாயில் ஓடும்போது சுவரோடு தொட்டுப் பிரிந்து மின்னூட்டம் பெறுகிறது. கேனை வண்டியிலேயே வைத்து நிரப்பினால், கீழே உள்ள பிளாஸ்டிக் விரிப்போ கம்பளமோ அதற்குத் தரையோடு தொடர்பில்லாமல் செய்துவிடும். கேனைத் தரையில் இறக்கி, குழாய்முனை வாயைத் தொட்டபடி, மெதுவாக நிரப்ப வேண்டும். பெரிய தொட்டிகளில் நுழைகுழாயின் வாய் திரவத்தில் மூழ்கும்வரை ஓட்ட வேகத்தை விநாடிக்கு 1 மீட்டருக்குள் வைப்பார்கள். மேலிருந்து கொட்டினால் சிதறலும் மின்னூட்டமும் ஆவியும் ஒருசேரப் பெருகும். லாரிக்கும் தொட்டிக்கும் இடையே போடும் இணைப்புக் கம்பியை மூடியைத் திறக்கும் முன்பே மாட்டி, எல்லாம் மூடிய பிறகே கழற்ற வேண்டும். கிளிப் பெயின்டின் மேல் கவ்வியிருந்தால் கம்பி இருந்தும் இல்லாததே. பற்கள் உலோகத்தில் கடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதே இழுவிசையை வேலை வாங்கும் இடங்களும் பல. செஸ்டர் கார்ல்சன் 1938-இல் செய்துகாட்டிய உலர் நகலெடுப்பில், ஒளி படாத இடத்தில் மட்டும் மின்னூட்டம் தங்கிப் பொடியைப் பிடித்துக்கொள்கிறது. ஆலைப் புகைபோக்கிகளில் தூசைப் பிடிக்கும் வீழ்படிவாக்கியும் இப்படித்தான். உலோகத்தில் பொடியை ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் பூச்சில், தெளிப்புத் துப்பாக்கியின் முனையில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை கொடுத்து, மின்னூட்டம் பெற்ற பொடியை எர்த் செய்த உலோகப் பாகத்தின் மேல் ஊதுகிறார்கள். பொடி பின்பக்கமும் சுற்றிப்போய் ஒட்டும். உள்மூலைகளில் மட்டும் மின்புலம் நுழையாததால் பூச்சு மெலியும், அங்கே வோல்ட்டைக் குறைத்து ஊத வேண்டும்.

பூச்சு திட்டுத்திட்டாக வந்தாலோ பொடி பாகத்தில் நிற்காமல் கொட்டினாலோ முதலில் துப்பாக்கியைக் கழற்றுவது வழக்கம். பார்க்க வேண்டியது பாகம் தொங்கும் கொக்கியை. முந்தைய சுற்றுகளில் வெந்து படிந்த பூச்சு அதைச் சுற்றிக் கெட்டியான மின்காப்பாக மூடியிருக்கும். பொடி கொண்டுவரும் மின்னூட்டம் தரைக்குப் போக வழியில்லாமல் பாகத்திலேயே தேங்கி, அடுத்து வரும் பொடியைத் தள்ளிவிடும். கொக்கி பாகத்தைத் தொடும் இடத்தையும், மேலே கம்பத்தைத் தொடும் இடத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு, பாகத்துக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைவாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகு துப்பாக்கியை எடுக்கலாம்.